உயிரோடிருந்தவளுக்கு நான் சொன்ன ஜெபமாலை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஜெபம் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாதா கோயில் உபதேசியார் ஒருவர் இருக்கிறார், ஆனால் அவர் மூன்று தோட்டங்களுக்கு ஓடுகிறவர். கறுப்பு அட்டை போட்ட ஜெபப் புத்தகத்தைக் கையில் எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் பெட்டியின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். முப்பத்தைந்து வருடம் கொழுந்தெடுத்தவள் என்று அந்த நேரத்தில் யாரும் நினைக்க மாட்டார்கள். படித்த பொம்பளை என்றுதான் நினைப்பார்கள். நானும் நினைக்க விட்டேன்.

புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேனே தவிர படித்ததில்லை. ஜெபமெல்லாம் என் அம்மா சொல்லச் சொல்ல மனதில் ஏறியது. எந்த இடத்தில் பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்பதுகூடக் கைக்குப் பழக்கம். இரண்டாம் வகுப்போடு தம்பியைப் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்திவிட்டார்கள். எழுத்து தெரியும். ஒவ்வொன்றாகச் சேர்த்து, உதட்டை அசைத்து, விட்ட இடத்துக்குத் திரும்பிப் போய்ப் படித்தால் ஒரு வரி வரும். அதற்குள் பக்கத்தில் நிற்கிறவர் முழுவதையும் படித்துவிட்டுப் போய்விடுவார். என் உதடு அசைவதை ஒருவரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுத்து இருக்கிற இடத்தில் நான் நின்றதில்லை. இதை எழுதுவதற்கும் எனக்குப் பல மாதங்கள் ஆகியிருக்கின்றன. பிழைகளை வேறொருவர் திருத்தித் தந்திருக்கிறார்.

எங்கள் லயம் ஒரே கூரை போட்ட வரிசை வீடு, பத்துக் காம்பரா, சுவருக்குச் சுவர். என்னுடையது மூன்றாவது. நாலாவதில் இருக்கிற பிள்ளை டவுன் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படிக்கிறாள், வணிகப் பிரிவு. அவளுடைய அம்மா என்னை அக்கா என்பாள், பிள்ளை பெரியம்மா என்பாள். சொந்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் அவள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியது நான்.

அவளுக்கு வணிகப் பாடம் எடுக்கிற மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். அந்த வருடம் அவர் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். ஒவ்வொருவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பயன்படுகிற ஒரு சேவையை ஒரு தவணை முழுக்கச் செய்ய வேண்டும். அதை நாலு பேருக்குத் தெரியப்படுத்த வேண்டும். கடைசியில் என்ன செய்தோம், என்ன ஆனது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருத்தி கொப்பிக்கு உறை போட்டாள், ஒருத்தன் சப்பாத்துக்கு வெள்ளை அடித்தான். எங்கள் பிள்ளை தலை பின்னிவிடுகிறேன் என்றாள்.

நல்ல யோசனைதான். தூரத்துத் தோட்டங்களிலிருந்து வருகிற பெண் பிள்ளைகள் விடியுமுன் எழும்பிப் பின்னிக்கொண்டு வருவார்கள். பஸ்ஸுக்குள் நசுங்கி, காற்றிலும் தூறலிலும் நனைந்து, டவுனில் இறங்கும்போது ஒரு பின்னல் மேலேயும் ஒரு பின்னல் கீழேயும் தொங்கும். பள்ளிக்கூடக் கேட்டில் நிற்கிற மாணவத் தலைவிகள் பிடித்து ஓரமாக நிறுத்திவிடுவார்கள். பஸ் தரிப்பிடத்தில் ஒரு நீள மர வாங்கு இருக்கிறது. அதில் உட்கார்ந்து, மூன்று நிமிடத்தில் இரண்டு பின்னலையும் அவிழ்த்து இறுக்கிப் பின்னி ரிப்பன் கட்டிவிடுவாள் இவள். அந்தக் கை அவளுக்கு உண்டு. என் தலையையே எத்தனையோ நாள் வாரிவிட்டிருக்கிறாள்.

ஒருநாள் சாயங்காலம், கொப்பித் தாளில் எதையோ எழுதி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பெரியம்மா, இத கொஞ்சம் படிச்சுப் பாருங்களேன். நீங்க சரின்னு சொன்னா அடிக்கக் குடுத்துருவேன்."

நான் கண்ணாடியை மாட்டினேன். தாளைத் தள்ளிப் பிடித்தேன். மனதுக்குள் இருபது வரை எண்ணினேன். அந்த அளவுத் தாளுக்கு இருபது எண்ணினால் போதும்.

"நல்லாத்தான் இருக்கு."

"எங்கயாவது கூடிப் போச்சா? மிஸ் சொல்றாங்க, வெக்கப்படாம ஒன்னப் பத்தி நீயே சொல்லணுமாம். பேரும் மொகமும் பாக்குறவங்க மனசுல நிக்கணுமாம்."

தாளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதற்குப் பதில் தெரிந்தது. "அதாண்டி எனக்குப் புடிக்கல. வேலயச் செய்யி. நல்லாருந்தா நாலு பேரு தானா சொல்லுவாங்க. நம்மளப் பத்தி நாமளே பேசுனா பொம்பளப் புள்ளைக்கு அழகா அது?"

"யாருமே சொல்லலன்னா?"

"அப்ப ஒன் வேல சரியில்லன்னு அர்த்தம்."

"ஆமா, பேசுறதப் பாரு. கொழுந்து நிறுக்கிற எடத்துல ரெண்டு கிலோ கூட வந்துச்சுன்னா நீங்க கழுத்த நிமித்திக்கிட்டு வருவீங்களாமே. அம்மா சொல்லுச்சு."

"போடி வாயாடி."

சிரித்துக்கொண்டே தாளை மடித்து எடுத்துப் போனாள். அதை என் கையில் தந்தபோதே, 'வாசிச்சுக் காட்டுடி, கேப்போம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அப்படியே பஸ் ஏறி, பொகவந்தலாவையில் இருக்கிற மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். மாமா பிள்ளைக்குப் பிறந்தநாள். சனிக்கிழமை காலையில் நான் பிரஷர் மாத்திரை எடுக்க டவுனுக்குப் போனேன். பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது. மரண அறிவித்தல்களை ஒட்டுவது அதில்தான். போகும்போது அதைப் பார்த்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பழக்கம். எந்தத் தோட்டத்தில் யார் என்று முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

அன்றைக்கு நாலாம் காம்பராப் பிள்ளையின் முகம் அங்கே இருந்தது.

அடையாள அட்டைக்கு எடுத்த படம். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டி, இரண்டு பின்னல், சிரிக்காத முகம். சின்ன வயதில் போகிற பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைத்தான் போடுவார்கள். வேறு நல்ல படம் இருப்பதில்லை. சுற்றிலும் கறுப்புக் கோடு. மூலைக்கு மூலை பூ. மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி, நடுவில் கொஞ்சம் சின்ன எழுத்து, கீழே ஒரு எண், ஒரு சின்னக் கோடு, இன்னொரு எண். முகத்துக்குக் கீழே அப்படி இரண்டு எண்ணை நான் வேறு எதற்கும் கண்டதில்லை.

தேத்தண்ணிக் கடை வாசலில் நின்ற ஆள் கேட்டார். "என்னாம்மா, ஒங்க தோட்டத்துப் புள்ளைதானே இது?"

"ஆமாங்க" என்றேன்.

அங்கேதான் நான் நின்றிருக்க வேண்டும். மேலே இருந்தது ஒரே ஒரு வரி. ஐந்து நிமிடம் எழுத்துக் கூட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நேற்றுக் காலையில் கண்ட பிள்ளைக்கு இன்றைக்கு எப்படி நோட்டீஸ் வந்தது என்றாவது அந்தக் கடைக்காரரிடம் கேட்டிருக்கலாம். என் உதட்டை அவர் பார்ப்பார் என்று இருந்தது. வாயில் முந்தானையை அமுக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். மாத்திரையும் எடுக்கவில்லை. அந்தப் பாதையின் வளைவுகள் ஒவ்வொன்றிலும் பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து, அவள் போன பஸ் உருண்டது இந்த இடமாக இருக்குமோ, அந்த இடமாக இருக்குமோ என்று அழுதுகொண்டே வந்தேன்.

அன்றைக்கு ஏழாம் நம்பர் மலையில் வேலை. நான் கத்திக்கொண்டே ஏறினேன். அவளுடைய அம்மா என் சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்தாள். நான் ஒன்றும் முழுதாகச் சொல்லவில்லை. 'ஒம் புள்ள' என்றேன், சுவர் என்றேன். கூடையோடு அப்படியே தேயிலைக்குள் சரிந்தாள்.

வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை ஓடிவந்தார். "யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நானே படிச்சேன்" என்றேன். "என் ரெண்டு கண்ணால நோட்டீச நானே படிச்சேன்."

நான் படித்தேன் என்றால் அதற்கு மேல் கேள்வி இல்லை. கணக்கப்பிள்ளை மாமாவின் நம்பரை வாங்கி போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. "எப்படி எடுப்பாரு பாவம்" என்றாள் ஒருத்தி. மாமா அந்த நேரம் அவருடைய தோட்டத்து வேலையில் இருந்திருக்கிறார். பிள்ளையின் போனில் சார்ஜ் இல்லை. அதையெல்லாம் பிறகுதான் அறிந்தோம்.

வேலை நின்றது. பெண்கள் எல்லோரும் இறங்கினார்கள். யாரோ வெள்ளைத் துணியைக் கிழித்துச் சாவுக் கொடி கட்டத் தொடங்கினார்கள். நாலாம் காம்பராவில் அவளுடைய அம்மாவைப் பாயில் கிடத்திவிட்டு, நான் என் காம்பராவுக்குப் போய்க் கறுப்புப் புத்தகத்தை எடுத்து வந்தேன். கண்ணாடியையும் மறக்கவில்லை. அந்த அழுகையிலும் கண்ணாடியை மறக்கவில்லை.

ஜெபமாலையில் சாவு வீட்டுக்கு உரிய துக்க தேவ இரகசியத்தைத் தொடங்கினேன். மாலையின் முதல் பத்து மணிகள் முடிந்து இரண்டாவது பத்து நடந்துகொண்டிருந்தது. வாசல் பக்கம் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், கையில் கேக் பெட்டியோடு அவள் நிற்கிறாள்.

"என்னா? யாரு? அம்மாவுக்கு என்னா?" என்று கத்தினாள்.

அவளுடைய அம்மா பாயிலிருந்து எழும்பி வந்து, முதலில் கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் நின்ற ஒரு கிழவர், "செத்தவளே கேக்கோட வந்துட்டா, சாப்பிட்டுப் போவோம்" என்றார். பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் அழுதார்கள்.

சுவரில் பார்த்ததை நான் சொன்னேன். பிள்ளை என்னையே பார்த்தாள். பிறகு பைக்குள்ளிருந்து அதே போன்ற தாள் ஒன்றை எடுத்தாள். முதல்நாள் பஸ் ஏறுமுன் ஒட்டி மிஞ்சியது. கணக்கப்பிள்ளை அதை வாங்கி உரக்கப் படித்தார்.

"பின்னல் கலைந்துவிட்டதா? கேட்டில் பிடிபடும் முன் என்னிடம் வாருங்கள். மூன்றே நிமிடம். இறுக்கமாக நிற்கும், வலிக்காது. என் கையைப் பற்றி என் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பஸ் தரிப்பிடம், காலை 6.50 – 7.20."

லயமே கொல்லென்று சிரித்தது. கலர் போடாமல் கறுப்பு வெள்ளையில் எடுத்த நகல், கோடும் பூவும் அழகுக்குப் போட்டது. சிரிப்பு என் பக்கம் திரும்பப் போவது எனக்குத் தெரிந்தது. அது வந்து சேருமுன் நான் எழும்பிவிட்டேன்.

"யாருடி ஒனக்கு சாவு நோட்டீசு மாதிரி அடிக்கச் சொன்னது? அதுவும் அந்தச் சொவத்துல? பொம்பளப் புள்ளைக்கு ரோட்டுல என்னாடி படம்? நாஞ் சொன்னேனா இல்லியா, நம்மளப் பத்தி நாமளே கொட்டடிக்கக் கூடாதுன்னு?"

"அதானே" என்றார்கள். "பெரியவங்க சொன்னாக் கேக்கணும்" என்றார்கள். "மொகத்த ஒட்டினா சாவுதான் வரும்" என்றாள் ஒருத்தி. எல்லோருடைய பார்வையும் பிள்ளை மேல் போய்விட்டது.

அவள் மெதுவாகக் கேட்டாள். "பெரியம்மா, இதத்தானே நான் எழுதி ஒங்ககிட்ட காட்டுனேன்? நீங்க முழுசாப் படிச்சீங்கள்ல? நல்லாருக்குன்னு சொன்னீங்கள்ல?"

"எத்தன பேரு எத்தன காட்டுறாங்க. எல்லாம் எனக்கு நெனப்பா இருக்கும்?"

அவள் கணக்கு எனக்கு அப்போதே விளங்கியது. பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியும். தாளைப் படித்தவர் அவர், சுவரில் படித்தவரும் அவர். அப்படியானால் வேண்டுமென்றே செய்திருக்கிறார். தன் முகத்தை ஒட்டினது பிடிக்காமல் தன்னைச் சாகடித்திருக்கிறார் என்பது அவள் கணக்கு. நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். எனக்குப் படிக்க வராது என்கிற ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு என் காம்பராவுக்குப் போனேன். பொய்க்காரி என்பதைவிடப் பொல்லாதவள் என்று அவள் நினைப்பது எனக்கு லேசாக இருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்கக் கதை போய்விட்டது. அவளுக்குச் 'செத்தவ' என்று பேர் வைத்தார்கள். அது விளையாட்டு, இரண்டு வாரத்தில் போயிருக்கும். போகாதது வேறு ஒன்று. உயிரோடு இருக்கும்போதே சாவு ஜெபம் சொல்லப்பட்ட பிள்ளை, தோஷம் போகக் கழிப்புக் கழிக்காமல் அந்தக் கையைத் தலையில் வைக்க விடாதே என்று தாய்மார்கள் சொல்லிவிட்டார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் சொன்னார்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் சொன்னார்கள். பெண் பிள்ளையின் தலைமுடி விஷயம், யாரும் துணிய மாட்டார்கள். காலையில் சீப்பையும் ரிப்பனையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் அந்த வாங்கில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று பஸ்ஸில் போய்வருகிறவர்கள் சொன்னார்கள். கலைந்த பின்னலோடு வந்த பிள்ளைகள் அவளைத் தாண்டிப் போய்க் கேட்டில் நின்று ஏச்சு வாங்கினார்களாம். சுவரில் இருந்ததை அவளே கிழித்துவிட்டாள்.

என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். குழாயடியில் நான் நின்றால் குடத்தை வைத்துவிட்டுப் பிறகு வருவாள். ஒருநாள் அவளுடைய அம்மா வந்து என் வாசலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, மனசுல வச்சுக்காதீங்க. நீங்க வேணும்னே செஞ்சீங்கன்னு சொல்றா அவ. வாயிலயே ஒண்ணு போட்டேன். எங்கக்காவப் பத்தி அப்படிச் சொல்லுவியான்னு."

எனக்காக அந்தப் பிள்ளை இரண்டாம் தரம் அடி வாங்கியிருக்கிறாள். நான் தலையாட்டினேன். "சின்னப் புள்ள, விடு" என்றேன். மன்னிக்கிற மாதிரிச் சொன்னேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாட்டு வரவில்லை. பக்கத்தைத் திருப்ப வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போனேன். பள்ளிக்கூடத்து பஸ்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. வாங்கில் அவள் இருந்தாள். பக்கத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் தூறலுக்கு ஒதுங்கி நின்றார்கள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லத்தான் நினைத்து வந்தேன். அவள் எழும்பி வரவில்லை.

"எதுன்னாலும் இங்கயே சொல்லுங்க."

"நான் வேணும்னே செய்யல. எனக்குப் படிக்க வராது."

"பொய் சொல்லாதீங்க பெரியம்மா" என்றாள். "கோயில்ல புத்தகம் பாத்துத்தானே பாடுறீங்க. எழவு வீட்டுல புத்தகம் பாத்துத்தானே ஜெபம் சொல்றீங்க. இப்ப மாட்டிக்கிட்டோம்னதும் படிக்க வராதுங்கிறீங்களா?"

அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை.

"ஒரு தாளக் குடு" என்றேன். "படிச்சுக் காட்டுறேன்."

பைக்குள்ளிருந்து அந்த நோட்டீஸையே எடுத்து நீட்டினாள். கணக்கப்பிள்ளை அன்றைக்குப் படித்தது எனக்குப் பாடமாகிவிடவில்லை. அழுகையிலும் கோபத்திலும் காதில் ஏறியது பாதிதான். கண்ணாடியை மாட்டினேன். விரலை வைத்தேன். "பி" என்றேன். "ன்." மறுபடி முதலிலிருந்து. "பின்... ன... ல்." உதடு அசைந்தது. 'கலைந்துவிட்டதா' என்கிற சொல்லுக்கு மூன்று தரம் திரும்பிப் போனேன். கூடி நின்ற பிள்ளைகளில் ஒருத்தி அடக்க முடியாமல் சிரித்தாள். இன்னொருத்தி, "இந்த அம்மாவா நோட்டீசு படிச்சு அழுதாங்க?" என்றாள். தேத்தண்ணிக் கடை ஆளும் வாசலுக்கு வந்து பார்த்தார். நான் தலையைத் தூக்கவில்லை. இரண்டாவது வரியில் 'பிடிபடும்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் கண்ணில் தண்ணீர் நின்றது, எழுத்துத் தெரியவில்லை.

அவள் சிரிக்கவில்லை. தாளை என் கையிலிருந்து வாங்கினாள். "போதும் பெரியம்மா" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

நான் அங்கே நின்ற பிள்ளைகளிடம் சொன்னேன். "ஒங்க வீட்டுல போயிச் சொல்லுங்க. ஜெபமால சொன்னது நாந்தான். தெரியாம சொன்னது. அது கணக்குல வராது. அந்தப் புள்ள கைக்கு ஒண்ணுமில்ல."

அன்றைக்கு ஒருத்தியும் அவள் முன்னால் வந்து உட்காரவில்லை. அந்த வாரமும் இல்லை. அடுத்த வாரத்தில் ஒருத்தி உட்கார்ந்தாளாம், தாய் இல்லாத பிள்ளை, தடுக்க வீட்டில் ஆளில்லை. பிறகு அவள் கூட்டாளிகள் இரண்டு பேர். தவணை முடிகிறவரைக்கும் ஐந்தாறு தலைக்கு மேல் வரவில்லை. நான் கெடுத்ததை நான் போய்ச் சொன்னதால் நிமிர்த்த முடியவில்லை. படிக்கத் தெரியாத கிழவியைப் பற்றிய கதை மட்டும் எல்லா பஸ்ஸிலும் ஏறிப் போனது.

லயத்திலும் தெரிந்துவிட்டது. சாவு வீட்டுக்கு இப்போதும் கூப்பிடுகிறார்கள். நான் புத்தகம் கொண்டுபோவதில்லை. வெறுங்கையோடு உட்காரும்போது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "புத்தகம் எங்கக்கா?" என்று சில பேர் வேண்டுமென்றே கேட்பார்கள். கேட்கட்டும்.

தவணை முடிவில் அவள் என் வாசலுக்கு வந்தாள். அந்த மாதங்களில் அதுதான் முதல் தரம். கையில் மிஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டிய கொப்பி.

"மிஸ் சொன்னாங்க, 'என்ன நடந்ததோ அதையே எழுதும் பிள்ளை, சரிவராததையும் எழுதும்' எண்டு" என்று அவருடைய பேச்சு மாதிரியே சொல்லிக் காட்டினாள். முகத்தில் சிரிப்பில்லை. "ஒங்களப் பத்தி எழுதாம முடியாது. பேரு போடல. கேட்டுட்டுச் செய்வோம்னு வந்தேன்."

"எழுது" என்றேன். "எழுதுனத வாசி, கேப்போம்."

வாசித்தாள். நோட்டீஸ் அடித்தது, ஒட்டிய இடம் பிழையானது, கறுப்புக் கோடு போட்டது தன்னுடைய தவறு என்று எல்லாம் எழுதியிருந்தாள். தன் தவறுகளைத்தான் முதலில் எழுதியிருந்தாள். பிறகு இந்த வரி வந்தது. "வாசிக்கத் தெரியாத ஒருவர் அதை மரண அறிவித்தல் என்று நினைத்துவிட்டார்."

அவ்வளவுதான். கோயில், புத்தகம், அடி, ஒன்றும் இல்லை. என்னை அந்த அளவோடு விட்டிருந்தாள். ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"கொஞ்சம் தெரியும்னு போடேன்டி" என்றேன். "எழுத்துக் கூட்டிப் படிப்பேன்ல. சுத்தமா தெரியாதவ மாதிரி..."

அவள் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு கொப்பியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினாள்.

அந்த வரியை அவள் மாற்றவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.